வாசகர் கேள்வி பதில்: ஈரச்சந்தையும் உணவங்காடியும்

கேள்வி: திருமணமாகித் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து நான்கு மாதங்களாகின்றன. எங்கள் புளோக்குக்கு அருகிலுள்ள, மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைக்கு இருமுறை போனேன். சில கடைகளில் விலை எழுதியில்லை. கடைக்காரர் பேசுவதும் புரியவில்லை. வெறுங்கையுடன் திரும்பிப் பேரங்காடியில் வாங்கிக்கொண்டேன். தயக்கம் நீங்க வழி சொல்வீர்களா?
— வாசகி, ஈசூன்

பதில்: செவுளையும் கண்ணையும் பார்த்து மீன் வாங்கும் பழக்கம் உங்களுக்கு ஊரிலேயே வந்திருக்கும், அது இங்கும் அப்படியே கைகொடுக்கும். மாறுவது பெயர்கள்தாம். வஞ்சிரத்தைத் தெங்கிரி என்றும், வவ்வாலை பாவால் என்றும், கொடுவாவை சியாக்காப் என்றும், நெத்திலியை ஈக்கான் பிலிஸ் என்றும் மலாயில் சொல்வார்கள். சீனக் கடைக்காரர்களில் மூத்தவர்கள் பலருக்கு இந்த மலாய்ப் பெயர்கள் நன்றாகத் தெரியும். விலை கேட்க "பெராப்பா", அரைக் கிலோவுக்கு "செத்தெங்கா கிலோ", வெட்டித் தரச் சொல்ல "பொத்தோங்" என்ற மூன்று சொற்களோடு நீங்கள் நாளைக்கே கிளம்பலாம். வயதான கடைக்காரர் சிலர் இன்றும் காத்திக் கணக்கில் விலை சொல்வதுண்டு. ஒரு காத்தி ஏறத்தாழ 600 கிராம்.

விலை எழுதாத கடையில் கேட்பது அநாகரிகம் அல்ல. கேட்ட பிறகு வாங்காமல் நகர்வதும் தவறில்லை. ஆனால் கேட்காமல் மீனை விரலால் அழுத்திப் பார்ப்பதைத் தவிருங்கள். அதைவிட, என்ன சமைக்கப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் புதிதாகச் சந்தைக்குப் போய்வந்த நாள்களில், குழம்புக்கென்று நானே தேர்ந்தெடுத்த மீனைக் கடைக்கார அம்மையார் என் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பனிக்கட்டியில் வைத்துவிட்டு, அதைவிட விலை குறைந்த வேறொன்றை எடுத்து, செதிலைச் சீவி, குடலை நீக்கி, தலையை இரண்டாகப் பிளந்து, குழம்புக்கு ஏற்ற கனத்தில் துண்டு போட்டுத் தந்தார். உறையில் அடைத்து விற்கும் மீனிடம் இந்த யோசனை கிடைக்காது. ஒரே கடைக்கு நான்கைந்து வாரம் தொடர்ந்து போங்கள். பிறகு உங்களுக்கு எது பிடிக்கும் என்பதை அவரே நினைவில் வைத்துக்கொள்வார்.

காலை எட்டு மணிக்குள் போவது நல்லது. நண்பகலில் பல கடைகள் கழுவி மூடத் தொடங்கிவிடும். திங்கட்கிழமைகளிலும் சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் மீன் கடைகள் பலவும் திறப்பதில்லை. தரை ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்காத செருப்பும், சில்லறையாக இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளும் வேண்டும். உங்கள் கணவர் சிங்கப்பூரராக இருந்தால், வீட்டுக்குக் கிடைக்கும் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றம்) பற்றுச்சீட்டுகளை ஏற்கும் கடைகளில் அதற்கான ஒட்டுவில்லை இருக்கும். அதற்குப் பிறகும் தயக்கமாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டிறைச்சி, முருங்கைக்கீரை, வாழையிலை எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். தமிழில் கேட்டாலே பதில் சொல்லும் சீனக் கடைக்காரரையும் அங்கே காணலாம்.

கேள்வி: நான் சைவம். அலுவலக நண்பர்களுடன், பல உணவுக் கடைகள் ஒன்றாக இருக்கும் உணவங்காடி நிலையத்துக்குப் போகும்போது எதை நம்பிச் சாப்பிடுவது?
— வாசகர், தெம்பனீஸ்

பதில்: "காய்கறி மட்டும்" என்று சொல்வது இங்கே போதாது. சம்பால் என்னும் மிளகாய் விழுதில் பெலாச்சான் என்னும் இறால் விழுது சேர்கிறது. சீனக் கடைக் கீரை வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றுவது வழக்கம். நூடல்ஸ் சூப்பின் அடிப்படையே எலும்போ காய்ந்த நெத்திலியோதான். ஆகவே எதெல்லாம் வேண்டாம் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பரோட்டாவுக்கு மீன் குழம்பு ஊற்றிவிடக்கூடும். பருப்புக் குழம்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல நிலையங்களில் சீனச் சைவக் கடை ஒன்றாவது இருக்கும். அங்கே இறைச்சிபோலவே தோன்றுவது பெரும்பாலும் சோயாவாலும் கோதுமைப் புரதத்தாலும் காளானாலும் செய்தது. கண்டு அஞ்ச வேண்டாம். அத்தகைய கடைகளில் பல, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. முட்டை உண்டா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்போர் பலர் என்பதால் அன்று வரிசை நீளும். நால்வரும் நான்கு கடைகளில் வாங்கி ஒரே மேசையில் அமரலாம் என்பதால், உங்களுக்காக நண்பர்கள் தங்கள் உணவை மாற்றிக்கொள்ளவும் வேண்டியதில்லை. எனக்கு உணவங்காடியில் மிகவும் பிடித்தது இதுதான்.

கேள்வி: சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காவிட்டால் அபராதம் என்கிறார்கள். என் தந்தைக்கு வயது 78, கை நடுங்குகிறது. அதோடு, நாமே எடுத்து வைத்தால் துப்புரவாளருக்கு என்ன வேலை?
— வாசகர், பிடோக்

பதில்: 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் இவ்விதி அமலில் உள்ளது. முதல் முறை எழுத்துமூல எச்சரிக்கை. அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். இயலாத முதியவர்கள் மீது நடவடிக்கை இல்லை என்று அதிகாரிகள் தெளிவாகவே கூறியுள்ளதால், தந்தையார் கவலையின்றிச் சாப்பிடட்டும்; உடன் செல்லும் நீங்கள் அவருடைய தட்டையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

இரண்டாவது கேள்விக்குச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1968, 69ஆம் ஆண்டுகளில் சுமார் 18,000 தெருவோர வியாபாரிகள் பதிவு செய்யப்பட்டு, 1971 முதல் கட்டப்பட்ட நிலையங்களுக்குப் படிப்படியாக மாற்றப்பட்டதற்கு முதன்மைக் காரணமே தூய்மைதான். குழாய்நீரும் கழிவுநீர் வடிகாலும் இல்லாமல் தெருவில் சமைத்த நிலை அப்போதுதான் மாறியது. மேசையில் விட்டுச் சென்ற எச்சில் தட்டைச் சில நிமிடங்களுக்குள் மைனாவும் புறாவும் கிளறிவிடும். அதன் பிறகு அந்த மேசையைத் துடைப்பது இருமடங்கு வேலை. துப்புரவாளர் பலரும் உங்கள் தந்தையைப்போல் வயதானவர்கள். மேசை துடைப்பதும், சாப்பிட்டவர்கள் வைக்கும் அடுக்கில் சேர்ந்த தட்டுகளைப் பிரித்து அனுப்புவதும் இன்றும் அவர்கள் வேலையே. ஹலால் தட்டுக்கும் மற்றவற்றுக்கும் அடுக்குகள் தனித்தனியே இருக்கும். வைக்கும் முன் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.