வீல்பேஸ் கணக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: போன மாதம் பழைய ட்ரையல்ஸ் சைக்கிள் (காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, தடைகள் மேல் ஏறும் விளையாட்டுக்கானது) ஒன்று வாங்கினேன், சக்கரம் இருபத்தாறு இஞ்ச். வீல்பேஸ் 1080 மி.மீ. என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டில் டேப் வைத்துப் பார்த்தால் இடப்பக்கம் 1088, வலப்பக்கம் 1083. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

இல்லை, அவசரப்பட்டு விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வீல்பேஸ் என்பது முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளியிலிருந்து பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம். அதை அளக்கும்போது ஹேண்டில்பார் வெறும் மூன்று டிகிரி திரும்பியிருந்தாலே இரண்டு பக்கத்துக்கும் 5 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும், உங்களுக்கு வந்திருப்பதும் சரியாக அந்த ஐந்துதான். முதலில் பின் சக்கரம் இரண்டு செயின்ஸ்டேக்கும் (பெடல் பக்கத்திலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஃபிரேம் குழாய்கள்) நட்டநடுவில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பின் டயரின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல நூல் கட்டி முன்பக்கம் இழுத்துப் பிடியுங்கள். முன் டயர் ஒல்லியானது, அதனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரியும்வரை ஹேண்டில்பாரைத் திருப்பி நிறுத்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, ஆக்ஸில் நுனிகளிலிருந்து தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் குறித்து, அந்தக் குறிகளுக்கு நடுவே அளக்கலாம். இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள், உங்கள் எண்களுக்கு 1085.5 வரும்.

1080-க்கு மேல் மீதி ஐந்து மி.மீ. சொச்சம் எங்கிருந்து வந்தது என்றால், செயினிலிருந்து. உங்கள் ஃபிரேமில் பின் ஆக்ஸில் ஒரு நீள வெட்டுக்குள் முன்னும் பின்னும் நகரும், செயினை இறுக்க அதைப் பின்னால் தள்ளுவோம். செயினின் ஒரு கணு 12.7 மி.மீ., அரை லிங்க் என்று சொல்லும் அந்த ஒரு கணுவைச் சேர்த்தாலோ எடுத்தாலோ ஆக்ஸில் அதில் பாதி, அதாவது ஆறு மி.மீ. சொச்சம் நகர்ந்துவிடும். தேய்ந்து நீண்ட செயினும் இதே வேலையைச் செய்யும். கம்பெனி சொல்வது ஆக்ஸில் ஏதோ ஓர் இடத்தில் நிற்கும்போது எடுத்த அளவு. நூல் பிடித்து நேராக்கிய பிறகும் இடமும் வலமும் ஒத்துவரவில்லை என்றால்தான் கவலைப்படவேண்டும், அப்போது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோ ஃபிரேமோ வளைந்திருக்கலாம்.

கேள்வி: எனக்கு 23 வயது, உயரம் 5 அடி 7 அங்குலம். இருபத்தாறு இஞ்சில் இரண்டு வண்டி விலைக்கு வந்திருக்கிறது. ஒன்றின் வீல்பேஸ் 1070 மி.மீ., இன்னொன்றுக்கு 1090. துரஹள்ளி பக்கம் இருக்கிற மாதிரி பாறைகளில் ஏறிப் பழக ஆசை. எதை வாங்கட்டும்?
– வாசகர், ஜீவன்பீமா நகர், பெங்களூரு

இரண்டு எண்ணை மட்டும் சொன்னால் நான் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் வீல்பேஸ் என்பது கிட்டத்தட்ட இரண்டு துண்டின் கூட்டுத்தொகை: பெடல் சுற்றும் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் ஆக்ஸில் வரை ஒன்று, அதே பிராக்கெட்டிலிருந்து முன் ஆக்ஸில் வரை இன்னொன்று. முன் சக்கரத்தைத் தூக்கிப் பின் சக்கரத்தில் நிற்பது உங்களுக்கு எளிதா கடினமா என்பதைப் பெரும்பாலும் அந்தப் பின் துண்டுதான் தீர்மானிக்கிறது. இந்த 1090 வண்டியின் செயின்ஸ்டே, அதாவது அந்தப் பின் துண்டு, 375 ஆகவும் 1070 வண்டியினுடையது 390 ஆகவும் இருந்தால், நீளமான வண்டிதான் சுலபமாக எழும்பும். கடைக்காரர்களும் இதைச் சொல்வதில்லை, நானும் முதல் வண்டி வாங்கியபோது மொத்த நீளத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, கை வலிக்க வலிக்க மாதக்கணக்கில் முன் சக்கரத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே டேப்போடு போங்கள், இரண்டு துண்டையும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பாட்டம் பிராக்கெட் ஆக்ஸில் கோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும் பாருங்கள், உயரம் கூடக் கூடப் பின் சக்கரத்துக்கு ஏறுவது சுலபம், ஆனால் வண்டி கொஞ்சம் பதற்றமாக ஆடும்.

பின் துண்டு இரண்டிலும் ஒன்றாக இருந்தால்? அப்போது நீளமான வண்டியில் முன் சக்கரம் தள்ளி இருப்பதால் பின் சக்கரத்தில் நிற்கும்போது மல்லாக்க விழும் பயம் குறைவு, அகலமான பாறை இடுக்கைத் தாண்டவும் அது உதவும். குட்டை வண்டி நெருக்கமான இடத்தில் சட்டென்று திரும்பும், பழகவும் லேசு. உங்கள் உயரத்துக்கு இரண்டுமே பொருந்தும், இருபத்தாறு இஞ்ச் வண்டிகள் பெரும்பாலும் இந்த அளவுகளில்தான் வருகின்றன. புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்பதால் நான் 1070 பக்கம் சாய்வேன்.

ஆனால் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இரண்டு வண்டியிலும் டயர் காற்று, ஹேண்டில்பார் சாய்வு ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, சமதரையில் முட்டியை மடக்கி, கையை நேராக வைத்துப் பின்னால் சாயுங்கள். எந்த வண்டி தோளை இழுக்காமல் எழும்புகிறது என்று உடம்பே சொல்லிவிடும். நீளம் போதவில்லை என்று பிற்பாடு உயரமான ஃபோர்க் மாட்ட நினைக்காதீர்கள், வீல்பேஸ் கூடும்தான், கூடவே ஸ்டீயரிங் கோணமும் படுத்துவிடும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றுங்கள், வீல்பேஸ் அப்படியே இருக்கும், நீங்கள் நிற்கும் விதம் மாறும். துரஹள்ளி வனத்துறை இடம், போவதற்கு முன் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, நாலரை அடி. ட்ரையல்ஸ் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். வளர்கிற பிள்ளைதானே, பெரிய வண்டியாகவே வாங்கிவிடலாமா?
– வாசகி, விவேக் நகர், பெங்களூரு

வேண்டாம் அம்மா. தீபாவளிச் சட்டையை இரண்டு அங்குலம் பெரிதாக எடுக்கிற மாதிரி இதை எடுக்கக்கூடாது, பெரிய வண்டியில் அவனால் முன் சக்கரத்தைத் தூக்க முடியாது, இரண்டே வாரத்தில் ஆசை போய்விடும். இருபது இஞ்ச் வாங்குங்கள். பெரியவர்கள் ஓட்டும் இருபது இஞ்ச் வண்டியின் வீல்பேஸ் 1000 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும், அதையும்விடக் குறைத்துச் சிறுவர்களுக்கென்றே செய்த வண்டிகள் உண்டு, அவன் உயரத்துக்கு அதுதான் சரி. இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே ஒரு சிறுவன் இருக்கிறான். ஸ்பெயினில், கேட்டலோனியாவில், மோட்டார் சைக்கிள் வீரர் பெரே பி தன் மகன் ஓட் பி-க்காக எஞ்சின் இல்லாத வண்டி ஒன்றை வடிவமைத்தார், பையன் பிற்பாடு உலக சாம்பியன் ஆனான். இருக்கை இல்லாத வண்டியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ட்ரையல்ஸ் வண்டிகள் அப்படித்தான் வரும். வண்டிக்கு ஒதுக்கும் பணத்திலேயே ஹெல்மெட்டுக்கும் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மறைக்கும் கவசத்துக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள், பெடல் முள் முதலில் கீறுவது கணைக்காலைத்தான்.