கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளை பிரச்சனைக் கணக்கில் ஏன் தடுமாறுகிறது?

மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள், ஆனால் பிரச்சனைக் கணக்கைக் கண்டால் "கூட்டவா, கழிக்கவா?" என்று கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலையில் என் வீட்டுக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளும் முதலில் இதையேதான் கேட்பார்கள்.

காரணம், "அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்று நாமே குறுக்குவழி சொல்லிக்கொடுத்து விடுகிறோம். இதைப் பாருங்கள்: அப்பா 48 செம்பனைக் குலை வெட்டினார். அது மாமா வெட்டியதைவிட 15 அதிகம். மாமா வெட்டியது எத்தனை? "அதிகம்" கண்ணில் பட்டதும் 63 என்று எழுதிவிடுவார்கள்.

பென்சிலை வாங்கி வைத்துவிட்டு, "யார் கூட வெட்டினது? அப்பாவா, மாமாவா?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அப்பாவுக்கு நீளமாக ஒரு பட்டை, அதன் கீழே மாமாவுக்குக் குட்டையாக ஒன்று வரையச் சொல்லுங்கள். நீண்டிருக்கும் துண்டுதான் 15. 48இல் அதை எடுத்தால் 33 என்று அவளே சொல்வாள். 33உடன் 15 சேர்த்து 48 வருகிறதா என்றும் பார்க்க வைத்துவிடுங்கள்.

புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்று கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் சொன்ன நான்கு படிகளும் இதில் வந்துவிடுகின்றன. பிள்ளைகள் முதல் படியைத் தாண்டி ஓடுவதுதான் சிக்கல்.

பயிற்சிப் புத்தகம் தீர்ந்துவிட்டால் கடைக்கு அழைத்துப் போங்கள். 10 வெள்ளியைக் கையில் கொடுத்து, கணக்கை அவளையே சொல்லச் சொல்லுங்கள்.