மிகுபுனைவு எழுதும் ஆறு பேர் சென்னையில் கூடி, எழுதியதைப் படித்துக் கருத்துச் சொல்லிக்கொள்கிறோம். எப்படி நடத்தினால் நிலைக்கும்?

கேள்வியின் விளக்கத்தில் இருப்பது இது: ஆறு பேரும் மாயம், மந்திரம், கற்பனை நாடு என்று நாவல் எழுதுகிறவர்கள். கூடுகிறார்கள், பேச்சு எங்கெங்கோ போகிறது, இரண்டு மாதத்திலேயே வரவு பாதியாகிவிட்டது.

இப்படிப்பட்ட குழுக்கள் சண்டை போட்டுக் கலைவது குறைவு. படிக்க வேண்டியது குவிந்துபோய், படிக்காமல் வரக் கூச்சப்பட்டுத்தான் ஆட்கள் நிற்கிறார்கள். ஆறு பேரும் ஒவ்வொரு முறையும் 3,000 சொல் கொடுத்தால் ஒருவர் தலையில் 15,000 சொல் விழும். வேலைக்குப் போகிறவர் குறிப்பெழுதிக்கொண்டே அத்தனையையும் படிக்க மாட்டார். அதனால் ஒரு கூட்டத்துக்கு இரண்டு பேர் படைப்பு மட்டும், ஒவ்வொன்றும் 2,500 சொல்லுக்குள். இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்றால் ஒருவருக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை முறை வரும். கோப்பு ஏழு நாள் முன்னால் வந்துவிட வேண்டும். தாமதமானால் அந்த முறை போச்சு, அடுத்தவர் நகர்ந்து வரட்டும். இதில் தாட்சண்யம் பார்த்தால் மூன்றாவது கூட்டத்தில் எல்லாருமே முந்தின நாள் ராத்திரி அனுப்புவார்கள்.

சொல் எண்ணிக்கை பற்றி ஒன்று. ஆங்கிலக் குழுக்களின் விதிகளில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால் அதே விஷயம் தமிழில் குறைந்த சொல்லில் முடிந்துவிடும். அங்கே 3,500 என்றால் நமக்கு 2,500 போதும்.

பேசும் முறைக்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். 1956-இல் அமெரிக்காவின் மில்ஃபோர்ட் ஊரில் டேமன் நைட் உள்ளிட்ட அறிவியல் புனைவுக்காரர்கள் தொடங்கிய பட்டறையின் வழக்கம் போதும்: வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள், எழுதியவர் கடைசி வரை வாய் திறக்கக் கூடாது. ஐந்து பேருக்குத் தலா நாலு நிமிடம், பிறகு எழுதியவருக்குப் பத்து, பொதுப் பேச்சுக்குப் பத்து. ஒரு படைப்புக்கு நாற்பது நிமிடம், நடுவில் ஒரு டீ, ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பலாம். எழுதியவர் மௌனமாக இருப்பதுதான் இதில் உயிர்நாடி. "அந்த மோதிரம் யாருடையது என்று ஏழாம் அத்தியாயத்தில் வரும்" என்று அவர் விளக்க ஆரம்பித்தால் கூட்டம் அங்கேயே முடிந்தது. புத்தகம் வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விளக்கிக்கொண்டிருக்க முடியாதே.

தமிழ்க் குழுக்களின் தனி வியாதி ஒற்றுப்பிழை. 'அந்தக் குதிரை'யா 'அந்த குதிரை'யா என்று ஆரம்பித்தால் இருபது நிமிடம் ஓடிவிடும், குதிரை நின்ற இடத்திலேயே நிற்கும். ஒற்று, ன-ண, ர-ற எல்லாவற்றையும் கோப்பில் குறித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கோப்பும் யுனிகோடில்தான் இருக்க வேண்டும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் கணினியில் குப்பையாகத் தெரியும். பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். கூகுள் டாக்ஸில் பரிந்துரை முறையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

எதைப் பார்த்துக் கருத்துச் சொல்வது? ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: "காஞ்சியிலிருந்து புறப்பட்டவன் மூன்று நாழிகையில் மாமல்லையை அடைந்தான்." ஒரு நாழிகை 24 நிமிடம், ஆக மூன்று நாழிகை 72 நிமிடம். தூரம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். காரிலேயே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகும், ஆனால் சில கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. ஒரே குதிரையில் ஒரு நாளைக்கு 40, 50 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் நியாயம். நாழிகையை மணி என்று நினைத்து எழுதுவதால் வருகிற வினை இது. கற்பனை நாடுதானே என்று தப்பிக்கலாம், ஆனால் ஊர்ப்பெயரும் நாழிகையும் நிஜத்திலிருந்து எடுத்துவிட்டுக் குதிரைக்கு மட்டும் விலக்குக் கேட்டால் வாசகர் விட மாட்டார். சங்ககாலச் சாயலில் ஒரு நாட்டைப் படைத்துவிட்டு சமையலறையில் மிளகாய் வறுப்பதும் அப்படித்தான். மிளகாய், தக்காளி, வேர்க்கடலை எல்லாம் கடல் கடந்து வந்தது போர்த்துகீசியர் காலத்துக்குப் பிறகு. மிளகு போடுங்கள்.

அடுத்தது, "தாங்கள் அறியாததல்ல அமைச்சரே, நம் தேசத்தில் ஐந்து குலங்கள் உண்டு" என்று தொடங்கும் வசனம். அமைச்சருக்குத் தெரிந்ததை அரசர் ஏன் சொல்கிறார்? அந்தத் தகவலை யாராவது ஒருவர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் காட்சியாக மாற்றச் சொல்லுங்கள்.

பெயர்களையும் சோதிக்க வேண்டும். அயல்வாடைக்காக 'வ்ராக்த்' என்று வைப்பார்கள். அதோடு -ஐ, -உக்கு, -உடைய சேர்த்து உரக்கப் படித்துப் பாருங்கள். 'வ்ராக்த்துக்கு' என்று நாக்கு சுளுக்கினால், நானூறு பக்கத்துக்கும் சுளுக்கும்.

ஆறு வார இடைவெளியில் போன அத்தியாயம் யாருக்கும் நினைவிருக்காது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் போடுவார்களே, அதுபோல நூறு சொல்லில் முன்கதைச் சுருக்கம் கட்டாயம். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று கணக்கிலேயே இருக்கிறது. 60,000 சொல் நாவலை 2,500 வீதம் கொடுத்தால் 24 முறை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 144 வாரம், ஏறக்குறைய இரண்டே முக்கால் வருஷம். மிகுபுனைவு இயல்பிலேயே நீளமானது, அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து முடிகிற காரியமில்லை. முதல் ஐந்து அத்தியாயத்தை மட்டும் குழுவில் செதுக்குங்கள். மீதியைத் தனியாக எழுதி முடித்து முழு நாவலாகக் கொடுங்கள், ஆறு வாரம் அவகாசம், அதற்கென ஒரு தனிக் கூட்டம். வருஷத்துக்கு இரண்டு நாவலுக்கு மேல் இப்படி எடுக்க வேண்டாம். அந்த நாவலைப் பற்றி எதுவுமே கேள்விப்படாத ஒருவரை இதற்காகவே ஒதுக்கி வைப்பது நல்லது, ஏனென்றால் டீக்கடையில் மந்திர விதிகளைக் கேட்டு மனப்பாடமானவர்களுக்கு எங்கே குழப்பம் என்று தெரியாது.

நாற்பது பக்கத்துக்கு வரைபடமும் வம்சாவளியும் வைத்திருந்து ஒரு காட்சிகூட எழுதாதவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். உலகக் குறிப்பை ஏற்காதீர்கள், காட்சியை மட்டும் கேளுங்கள். தன் கதையில் வரும் யாளியை மற்றவர்கள் திருடிவிடுவார்களோ என்று பயப்படுகிறவருக்கு: 1957 பதிப்புரிமைச் சட்டம் காப்பது எழுதிய வடிவத்தை, யோசனையை அல்ல. யாளி யாருக்கும் சொந்தமில்லை.

இடம்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பறக்கும் ரயிலில் வரலாம், ஆனால் வாசிப்புக் கூடங்களில் பேச முடியாது. மாநகராட்சிப் பூங்கா என்றால் காலை ஏழரை மணி என்று வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு யார் வீட்டு மொட்டை மாடி அறையாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மின்ரயில் குறைவு, தாம்பரம் பக்கமிருந்து வருகிறவரைக் கேட்டு நேரம் குறியுங்கள். ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கும்போது கூட்டமே வைக்காதீர்கள், யாரும் படித்திருக்க மாட்டார்கள். வாட்ஸாப் குழுவில் கோப்பும் தேதியும் மட்டும், காலை வணக்கப் படம் கண்டிப்பாகக் கூடாது.