சொந்த நிலம் இருந்தும் அமெரிக்க மக்காச்சோள விவசாயி ஆண்டுதோறும் ஏன் கடன் வாங்குகிறார்?

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் சாய் சிம் கீரை போடுபவருக்கு ஒரு மாதத்தைச் சுற்றிக் காசு வந்துவிடும். ஒரு போகம் கெட்டால் அடுத்தது இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் ஆண்டுக்கு ஒரே போகம். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்தால் அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான். விதை, உரம், களைக்கொல்லி, டீசல் எல்லாவற்றுக்கும் அதற்கு முன்பே பணம் வேண்டும். கடன் அந்த இடைவெளிக்காக. (குத்தகை நிலம் என்றால் சுமை இன்னும் கூடும்.)

விதைக் கணக்கை மட்டும் பாருங்கள். ஏக்கருக்குச் சுமார் 32,000 விதை, ஒரு மூட்டையில் 80,000. ஆக 1,000 ஏக்கருக்கு 400 மூட்டை. முளைத்தபின் தண்ணீர் தேங்கி நாற்று செத்தால் விதையும் டீசலும் மறுபடி செலவு. தள்ளி விதைத்ததற்கு மகசூலும் குறையும். 2019இல் விடாத மழையால் நாடு முழுவதும் எல்லாப் பயிர்களும் சேர்த்து 1.9 கோடி ஏக்கருக்கு மேல் விதைக்கவே முடியவில்லை.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அயோவாவில் மார்ச் 15க்குள் எடுக்க வேண்டும். வருமானக் காப்பீட்டின் அடிப்படை விலை, டிசம்பர் வாய்தா ஒப்பந்தத்தின் (டிசம்பர் சரக்குக்கு இப்போதே விலை பேசும் சந்தை ஒப்பந்தம்) பிப்ரவரி மாதச் சராசரி. தனிப் பண்ணைக்கு எதிர்பார்க்கும் வருமானத்தில் அதிகபட்சம் 85% வரைதான் காப்பீடு. முதல் 15% இழப்பு விவசாயி தலையில். பிப்ரவரியிலேயே விலை சரிந்திருந்தால் உத்தரவாதமும் சேர்ந்தே சரியும், உரக்கடை பாக்கியோ அப்படியே நிற்கும். லாபத்துக்கு இந்தக் காப்பீடு பொறுப்பேற்பதில்லை.

முன்கூட்டியே விலை பேசி விற்கலாம். ஆனால் விளையாமல் போனால், ஒப்புக்கொண்ட அளவுக்குச் சந்தை விலையில் வாங்கியோ வித்தியாசத்தைக் கட்டியோ ஈடுசெய்ய வேண்டியிருக்கும். அதனால் விவரமானவர்கள் எதிர்பார்க்கும் மகசூலில் ஒரு பங்கை மட்டுமே அப்படி விற்கிறார்கள்.