பொண்ணு ஓடியாடுறது போதுமான்னு எப்படி பாக்குறது?

கேள்வி: என் பொண்ணுக்கு 12 வயசு டாக்டர். கையில கட்டுற பேண்ட்ல தினமும் 6000 ஸ்டெப்ஸ் தான் காட்டுது. 10,000 வரணும்னு சொல்றாங்களே, இது கம்மியா?

பதில்: அம்மா, அந்த 10,000 கணக்கை முதல்ல விட்டுருங்க. 1960கள்ல ஜப்பான்ல ஸ்டெப்ஸ் எண்ணுற கருவிய விக்கறதுக்கு வச்ச பேர்லேந்து பரவுன நம்பர் அது, பிள்ளைங்கள வச்சு பாத்து சொன்னதில்ல. 5லேந்து 17 வயசு வரைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, ஒரு வாரத்த மொத்தமா பாத்தா நாளைக்கு சராசரியா 60 நிமிஷம், அதுவும் மூச்சு வாங்குற மாதிரி. ஒரு நாள் 30, மறுநாள் 90ன்னு இருந்தாலும் சரிதான். இதுல வாரத்துக்கு 3 நாளாவது நல்லா வேர்க்க ஓடணும், எலும்பும் தசையும் பலப்படுற மாதிரி ஸ்கிப்பிங், குதிக்கிறது, ஏறுறதுன்னு ஏதாவது வேணும்.

மூச்சு எப்படி அளக்குறதுன்னா, பேச முடியுது ஆனா பாட்டு பாட முடியலன்னா மிதமான வேகம், நாலு வார்த்தை பேசுறதுக்குள்ள நிறுத்தி மூச்சு இழுக்குறான்னா நல்ல வேகம். பேண்டுக்கு இது சரியா புரியாது, சைக்கிள் மிதிக்கறப்ப கை ஹேண்டில்லயே இருக்கும், அது பாதி கணக்குல வராது.

அதனால ஒரு நோட்டுல 7 நாள் எழுதுங்க, சனி ஞாயிறு கண்டிப்பா சேர்த்து, லீவு நாள்ல தான் பிள்ளைங்க மொபைலும் கையுமா சாஞ்சுடுறாங்க. ராத்திரி படுக்கறப்ப "எவ்ளோ நேரம் விளையாடுன"ன்னு கேக்காதீங்க, ஒரு மணி நேரம்னு தான் பதில் வரும். "பிடி பீரியட்ல என்ன பண்ணீங்க, கோ-கோன்னா நீ எவ்ளோ நேரம் உக்காந்திருந்த, எத்தன தடவ எந்திரிச்சு ஓடுன"ன்னு கேளுங்க. 40 நிமிஷ பீரியட்ல லைன்ல நின்னது, உக்காந்தது எல்லாம் கழிச்சா ஓடுனது பத்து நிமிஷம் கூட தேறாம போகலாம், சில வாரம் அந்த பீரியடையே மேத்ஸுக்கு எடுத்துக்குவாங்க.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப கவலையான விஷயம். 146 நாட்டு பிள்ளைங்களோட 2016 கணக்குப்படி 11லேந்து 17 வயசுல பசங்கள்ல 100க்கு 78 பேர், பொண்ணுங்கள்ல 85 பேர் தினமும் 60 நிமிஷம்ங்கிற அளவ எட்டல. உங்க பொண்ணு வயசுக்கு வந்தப்புறம் கிரவுண்டு பக்கம் போறத நிறுத்திட்டாளா? பேட் மாத்த வசதியான பாத்ரூம் ஸ்கூல்ல இருக்கா, வீட்ல பெரியவங்க யாராவது "இன்னும் என்ன குதிக்கிற"ன்னு சொல்றாங்களா, இதையும் அவகிட்ட மெதுவா பேசி கேளுங்க. பீரியட்ஸ் நாள்ல உடம்பு ஒத்துழைச்சா தாராளமா விளையாடலாம்.

ஓடுனா இருமல், இழுப்பு வருதுன்னாலோ, எப்பவும் சோர்ந்து வெளிறிப்போய் இருக்கா, ரத்தப்போக்கு அதிகம்னாலோ டாக்டர்கிட்ட காட்டி ஆஸ்துமாவா, ஹீமோகுளோபின் கம்மியான்னு பாத்துருங்க. ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்தா மட்டும் விளையாட்ட நிறுத்திட்டு அன்னைக்கே கூட்டிட்டு போங்க.