பூக்கடைக் கணக்கும் பரீட்சைக் கணக்கும்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. சாயங்காலம் என்னோடு பூக்கடையில் இருப்பான். கடையில் கணக்கை நொடியில் சொல்கிறான். பரீட்சையில் 40-ஐத் தாண்டுவதில்லை. எதிர்வீட்டுப் பையன் அபாகஸ், டியூஷன் என்று போகிறான். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கில் சொந்தமாக யோசிக்க வராதா ஐயா?
- ஒரு வாசகி, நிலக்கோட்டை

பதில்: இன்று சாயங்காலம் அவனைக் கேளுங்கள்: முழம் 25 ரூபாய், 18 முழம் எவ்வளவு? 'நாலு முழம் நூறு, பதினாறுக்கு நானூறு, மேலே ரெண்டு முழத்துக்கு அம்பது' என்பான். அல்லது இருபது முழத்துக்கு 500 போட்டு 50-ஐக் கழிப்பான். சொந்த யோசனை என்பது இதுதான் அம்மா. விடைத்தாளில் இதையே எழுதினால் 'ஸ்டெப் எங்கே?' என்று சுழிப்பவர்கள் உண்டு. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன்.

பிரேசிலில் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வந்தது. விற்கும் இடத்தில் கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான். 35 குருசெய்ரோ (அப்போதைய பிரேசில் நாணயம்) விலையில் பத்துத் தேங்காய் என்றதும் ஒரு பையன் பக்கத்தில் சைபர் சேர்க்கவில்லை; மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210 என்று ஏறி 350-க்கு வந்தான்.

அதற்காக வறுமை ஒரு தடையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எடுத்ததற்கெல்லாம் ராமானுஜனைக் காட்டுவார்கள். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா, காகிதத்துக்குத் தட்டுப்பாடு, சிலேட்டை முழங்கையால் அழித்தார், எல்லாம் வாஸ்தவம். ஆனால் அவர் வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதிப் புத்தகம் கைக்கு வந்தது அப்படித்தான். அந்த வாய்ப்பை யாரும் சொல்வதில்லை.

வசதியான வீட்டில் தப்பாகப் போட்டுப் பார்க்க நேரம் இருக்கும், 'எப்படிப் போட்டே?' என்று கேட்க ஆள் இருக்கும். கடையில் தப்பினால் கைக்காசு போகும்; அதனால் தெரிந்த வழியிலேயே நிற்கத் தோன்றும். கடை கட்டிய பிறகு கால் மணி நேரம் அந்த ஆளாக நீங்கள் இருங்கள். வாய்க்கணக்கை அப்படியே நோட்டில் எழுதச் சொல்லி, 'வேற எப்படிப் போடலாம்?' என்று கேளுங்கள். அதற்கு நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த நோட்டை அவன் வாத்தியாரிடம் காட்டுங்கள்.

அபாகஸ் போனால் வேகம் வரும். உங்கள் பையனுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. கடன் வாங்கி அனுப்ப வேண்டாம்.