கொட்டாத குட்டைவால்

கேள்வி: மழைக்குப்பின் தோட்டத்துக் கல்லைப் புரட்டினால் எறும்பளவு பழுப்புப் பூச்சி ஒன்று பின்பக்கமாகத் துள்ளுகிறது. தேள் குஞ்சா, கொட்டுமா?
(வாசகர், கண்டி)

பதில்: துள்ளுவதைப் பார்த்தால் குட்டைவால் சாட்டைத்தேள். பூச்சியல்ல, சிலந்திக்கு உறவு. கொடுக்கும் இல்லை, நஞ்சும் இல்லை. இவ்வகையின் ஸ்கைசோமஸ் கிராஸிகாடேட்டஸ் என்ற இனத்தை 1872இல் ஆங்கிலேயச் சிலந்தியியலாளர் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் முதன்முதலில் விவரித்ததே இலங்கையில் கிடைத்ததை வைத்துத்தான்!

10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கண் இருக்காது. முன்னங்கால் இரண்டும் மெல்லியவை. அவற்றால் தடவிக்கொண்டே மற்ற ஆறு கால்களில் நடக்கும். பின்தொடை பருத்திருப்பதால்தான் அந்தத் துள்ளல். வாலைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: பெண்ணுக்கு மெலிந்த கணுக்கள், ஆணுக்கு ஒரே குமிழ். இணையும்போது பெண் அந்தக் குமிழைத் தாடையால் கவ்விக்கொள்ளும். இனத்தைப் பிரித்தறியவும் குமிழின் வடிவம் பெரிதும் உதவும். எனவே ஆண் கிடைத்தால் விடாதீர்கள்.

பிடித்துச் சேகரிக்க வேண்டுமானால், ஈரச் சருகை 5 மி.மீ. சல்லடையில் வெள்ளைத் தட்டின்மேல் சலியுங்கள். இடுக்கி வேண்டாம், நசுங்கிவிடும். நனைத்த தூரிகையால் ஒற்றி எடுத்து 80% ஆல்கஹாலில் போடுங்கள். சருகைப் புனலில் இட்டு, மேலே விளக்கு வைத்து, சூட்டுக்குக் கீழே இறங்கும் உயிர்களைப் பிரிப்பவர்கள் சூட்டைக் குறைவாக வைக்கவும். சருகு சட்டென்று காய்ந்தால் கீழே இறங்குமுன்பே உள்ளே செத்துவிடும்.